பட்டுப்புழு மனையில் ஒரு கன்செர்டோ: செல்லோ தனிவாசிப்புத் தேர்வுக்குப் பதிவு செய்து அனுப்புவது எப்படி

நம் ஊர்ப் பக்கம் ஆர்கெஸ்ட்ரா என்றால் கல்யாண வரவேற்பில் சினிமாப் பாட்டு பாடுகிற குழு. நான் எழுதப்போவது வேறு ஆர்கெஸ்ட்ரா. வயலின், வியோலா, செல்லோ, டபுள் பாஸ், ஓபோ, ஹார்ன் என்று ஐம்பது அறுபது பேர் அரைவட்டமாக உட்கார்ந்து வாசிக்கிற சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா. அவர்களுக்கு முன்னால், குச்சி பிடித்து நடத்தும் கண்டக்டருக்குப் பக்கத்தில், ஒற்றைச் செல்லோவோடு உட்கார்ந்து கன்செர்டோ (தனி வாத்தியத்துக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கும் சேர்த்து எழுதிய இசை) வாசிப்பதற்கு ஆள் தேடும்போது, பல இடங்களில் முதல் சுற்றுக்கு நேரில் கூப்பிடுவதில்லை. வீடியோ எடுத்து அனுப்பச் சொல்கிறார்கள். மும்பைக்கோ வெளிநாட்டுக்கோ செல்லோவையும் தூக்கிக்கொண்டு ஒரு பத்து நிமிட வாசிப்புக்காகப் போய்வர முடியாத நம்மைப் போன்றவர்களுக்கு இது நல்ல வழி.

நான் கிருஷ்ணகிரிக்காரி. பழையபேட்டையில் வீடு. ஞாயிறுதோறும் பெங்களூரு பஸ் ஏறி வகுப்புக்குப் போய்வந்து செல்லோ கற்றவள். மூன்று முறை இப்படிப் பதிவு செய்து அனுப்பினேன். முதல் இரண்டும் தேறவில்லை. மூன்றாவதற்கு அழைப்பு வந்தது; ஹைடனின் சி மேஜர் கன்செர்டோவை ஓர் இளைஞர் ஆர்கெஸ்ட்ராவோடு வாசித்தேன். முதல் பதிவுக்கும் மூன்றாவதற்கும் இடையே என் விரல்கள் பெரிதாக மாறிவிடவில்லை. எங்கே உட்கார்ந்தேன், யாரை மனதில் வைத்து வாசித்தேன் என்பவைதான் மாறின. அதைத்தான் எழுதுகிறேன். நம் மாவட்டங்களில் செல்லோ வாசிக்கிற பிள்ளைகள் குறைவு. இருக்கிற ஒன்றிரண்டு பேராவது நான் அலைந்தது போல அலையாமல் இருக்கட்டும்.

எந்தக் கன்செர்டோ

அழைப்புக் கடிதத்தை முதலில் முழுதாகப் படியுங்கள். எத்தனை பகுதிகள் கேட்கிறார்கள், எவ்வளவு நேரம், பியானோ துணை கட்டாயமா, மனப்பாடமாக வாசிக்க வேண்டுமா என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும். ஒரு பகுதியை ஒரே ஓட்டமாக, வெட்டி ஒட்டாமல் பதிவு செய்ய வேண்டும் என்பது மட்டும் ஏறக்குறைய எங்கும் இருக்கும்.

அப்புறம், உங்களுக்குப் பிடித்த கன்செர்டோவா என்று பார்ப்பதோடு நிற்காமல், அந்த ஆர்கெஸ்ட்ராவால் வாசிக்க முடிகிற கன்செர்டோவா என்றும் பாருங்கள். நான் இதில் ஒரு வருடத்தை இழந்தேன். முதல் முறை நான் அனுப்பியது த்வோராக்கின் பி மைனர். அதற்கு டிராம்போன், டியூபா எல்லாம் வேண்டும். நான் விண்ணப்பித்த குழுவில் பித்தளை வாத்தியக்காரர்களே நாலைந்து பேர்தான். நான் எவ்வளவு நன்றாக வாசித்திருந்தாலும் அவர்களால் அதை மேடையேற்றியிருக்க முடியாது. ஹைடனின் சி மேஜருக்குத் தந்தி வாத்தியங்களோடு இரண்டு ஓபோ, இரண்டு ஹார்ன் போதும். சைகோவ்ஸ்கியின் ரொகோகோ வேரியேஷன்ஸும் சிறிய குழுவுக்கு ஏற்றது. ஊதும் மர வாத்தியங்கள் இரண்டிரண்டு, ஹார்ன் இரண்டு, மற்றவை தந்திகள். சேன்-சான்ஸ் 1872-ல் எழுதிய ஏ மைனருக்கு அவற்றோடு டிரம்பெட்டும் டிம்பனியும் வேண்டும். எல்கர் 1919-ல் முடித்த ஈ மைனருக்கு முழுப் படையும் வேண்டும். குழுவின் பழைய நிகழ்ச்சி வீடியோக்களைப் பார்த்து, பின்வரிசையில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணிவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஹைடனின் சி மேஜர் ஏறக்குறைய இருநூறு வருடம் தொலைந்து கிடந்தது. 1961-ல் பிராக் நகரத்தில் அதன் பிரதி கிடைத்தது. அதற்கு முன்பு வாழ்ந்த பெரிய செல்லோக்காரர்கள் பலர் இதை வாசித்ததே இல்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு என்னவோ செய்யும். எளிதானது என்று சிலர் இதை ஒதுக்குவார்கள். கடைசிப் பகுதியை முழு வேகத்தில் ஒரு முறை வாசித்துப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

சித்தப்பா காதில் விழுந்தது

இரண்டாவது பதிவைத் திருப்பி அனுப்பியபோது எந்தக் காரணமும் சொல்லவில்லை. நான் கேட்டுப் பார்த்தேன். சுருதி சுத்தம், விரல் சுத்தம். எங்கே தவறு என்று தெரியாமல் பென்னாகரம் பக்கத்தில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தபோது போனில் போட்டுக் காட்டினேன். சித்தப்பா இப்போது பட்டுப்புழு வளர்க்கிறார். இளவயதில் தெருக்கூத்தில் வேடம் கட்டியவர். மேற்கத்திய இசை அவருக்குப் பழக்கமே இல்லை. முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நல்லாத்தான் வாசிக்கற கண்ணு. ஆனா பின்பாட்டுக்காரன் எங்க வந்து சேரணும்னு தெரியலையே."

கூத்தில் முன்னால் நிற்பவர் ஓர் அடி பாடுவார், பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கிக்கொள்வார்கள். அவர் மூச்சு எடுப்பதிலேயே, கால் வைப்பதிலேயே பின்னால் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும், இதோ வருகிறது என்று. யாரும் யாரையும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசையில் கோணிப்பை விரித்து உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கும் சொல் தெளிவாகப் போய்ச் சேரும். கன்செர்டோ வாசிப்பும் இதேதான். தேர்வுக் குழுவில் உட்கார்ந்திருக்கும் கண்டக்டர் தனக்குத்தானே கேட்டுக்கொள்ளும் கேள்வி, இந்தப் பெண்ணை என் ஐம்பது பேரால் தொடர முடியுமா, ஐம்பது பேருக்கு மேல் இவள் ஒலி கேட்குமா என்பதுதான். நான் அதுவரை அறைக்குள் எனக்கு நானே வாசித்துக்கொண்டிருந்தேன்.

அதனால் பதிவுக்கு ஆறு வாரம் முன்பிருந்தே இந்தப் பழக்கங்களைக் கொண்டுவாருங்கள்.

ஆர்கெஸ்ட்ரா மட்டும் வாசிக்கும் இடங்களை முழுதாக எண்ணி, உள்ளே பாடிப் பழகுங்கள். ஹைடன் சி மேஜர் முதல் பகுதியில் செல்லோ நுழைவதற்கு முன் ஒரு நிமிடம் போல ஆர்கெஸ்ட்ராவே வாசிக்கும். த்வோராக்கில் எண்பத்தாறு அளவு (பார் என்கிற தாளச் சுற்று) முடிந்து எண்பத்தேழாவதில்தான் செல்லோ வரும். எல்கரில் நேர்மாறு, கதவைத் திறப்பதே செல்லோதான். பதிவில் இந்த முன்னிசையைச் சுருக்கிக்கொள்ளச் சொல்வார்கள். சுருக்கினாலும் கடைசி நாலைந்து அளவுகளைத் துணைக்காரர் வாசிக்கட்டும். அந்த நேரத்தில் உங்கள் முகமும் தோளும் ஏற்கெனவே பாட்டுக்குள் இருக்க வேண்டும். ஆர்கெஸ்ட்ரா வாசிக்கிறபோது மடியைப் பார்த்துக்கொண்டு, தன் முறை வந்ததும் திடுக்கென்று வில்லை எடுப்பவர்களைப் பார்த்தவுடனே கண்டக்டருக்குத் தெரிந்துவிடும்.

நுழையும் முன் ஒரு தாள அளவு மூச்சு எடுங்கள், அந்த மூச்சு நீங்கள் வாசிக்கப்போகும் வேகத்திலேயே இருக்கட்டும். சேன்-சான்ஸ் ஏ மைனரில் ஆர்கெஸ்ட்ரா ஒரே ஒரு கார்டு (பல ஸ்வரங்கள் ஒன்றாகச் சேர்ந்த ஒலி) அடிக்கும், உடனே செல்லோ பாய்ந்து இறங்கும். அங்கே உங்கள் மூச்சைப் பார்த்துத்தான் ஐம்பது பேரும் அந்தக் கார்டை அடிக்க வேண்டும்.

ராகம் இழுப்பது போல நெளிவு சுளிவு காட்டும் இடங்களில், எங்கே தாமதித்தாலும் எங்கே திரும்பி வந்து சேர்வீர்கள் என்பது கேட்பவருக்குத் தெரிய வேண்டும். எனக்கு இதற்கு உதவியது ஒரு பயிற்சி. தாளக் கருவியை ஓர் அளவுக்கு ஒரே ஒரு தட்டு மட்டும் வருமாறு வைத்துக்கொண்டு வாசிப்பது. நடுவில் எப்படி வேண்டுமானாலும் நெளியலாம், அந்தத் தட்டில் வந்து நிற்க வேண்டும்.

மென்மையான இடங்கள். மூன்று பேர் உட்கார்ந்திருக்கும் அறையில் மெல்ல வாசிப்பதும், ஐம்பது வாத்தியங்களோடு மெல்ல வாசிப்பதும் வேறு வேறு. வில்லின் அழுத்தத்தைக் குறைத்து ஒலியைக் காற்றாக்கிவிடாதீர்கள். குதிரைக்கு, அதாவது தந்திகளைத் தாங்கும் கட்டைக்கு, சற்று அருகில், நீளம் குறைந்த வில்லில், ஒலியின் கரு கெடாமல் வாசியுங்கள். என் இரண்டாவது பதிவில் மெதுவான பகுதி முழுக்கக் காற்றுதான் இருந்தது. அறையில் அது அழகாகக் கேட்டது. ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்தால் காணாமல் போயிருக்கும்.

கடென்சா, அதாவது ஆர்கெஸ்ட்ரா நிற்க நீங்கள் மட்டும் வாசிக்கும் இடம், வாசிக்கும்போது அதன் முடிவில் வரும் அசைவொலியை மறக்காதீர்கள். டிரில் என்பார்கள். அதுதான் ஆர்கெஸ்ட்ராவுக்கு நீங்கள் கொடுக்கும் அழைப்பு. டிரில்லை அவசரமாக முடிக்காமல், கண்டக்டர் கை தூக்க இடம் கொடுத்து, கடைசி இரண்டு ஸ்வரங்களைத் தெளிவாகத் தாளத்தோடு வாசித்துக் கொடுங்கள்.

வேகத்தைத் தீர்மானிக்கும்போதும் அவர்களை நினையுங்கள். உங்களால் முடிகிற அதிக வேகம் ஒன்று. இரண்டாம் வயலின் வரிசை முழுவதும் சேர்ந்து வாசிக்க முடிகிற வேகம் இன்னொன்று.

இடம் தேடியது

கிருஷ்ணகிரியில் பாதி வீடுகளுக்குத் தரை கிரானைட். கல் விளைகிற ஊர். கல்லும் சிமெண்டுப் பூச்சும் சூழ்ந்த அறையில் செல்லோவின் ஒலி பளாரென்று திரும்பி வந்து முகத்தில் அடிக்கும். நான் முதல் பதிவை வீட்டு ஹாலில் செய்தேன். மெத்தை, போர்வை எல்லாம் சுவரில் தொங்கவிட்டேன். அப்போது ஒலி செத்துப்போனது. போர்வை மேல் ஸ்தாயியைத் தின்றுவிடும், கீழ் ஸ்தாயியைத் தொடாது. சி தந்தி மட்டும் அறைக்குள் உறுமும், ஏ தந்தி மங்கிவிடும்.

கல்யாண மண்டபம் கேட்டுப் பார்த்தேன். ஆள் இல்லாத மண்டபத்தில் ஒரு கை தட்டினால் மூன்று விநாடி ஓடுகிறது. வேகமான ஸ்வரங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். தேவாலயங்கள் இதைவிட நன்றாக இருக்கும், எலத்தகிரி, கந்திக்குப்பம் பக்கமெல்லாம் பெரிய கோயில்கள் உண்டு, மெதுவான பகுதிக்கு அருமை. ஆனால் வேகப் பகுதிக்கு ஆள் நிறைந்திருந்தால்தான் சரிப்படும்.

கடைசியில் இடம் கிடைத்தது சித்தப்பாவின் புழு வளர்ப்பு மனையில். ஐம்பதடி நீளம், இருபதடி அகலம், உயர்ந்த ஷீட் கூரை, அதன்மேல் தென்னங்கீற்று வேய்ந்திருந்தது. ஒரு பருவப் புழு கூடு கட்டி, கூடுகள் தர்மபுரி அங்காடிக்குப் போன பிறகு, அடுத்த இளம்புழு வரும்வரை மனை காலியாக இருக்கும். உள்ளே போய்க் கை தட்டினேன். ஒலி ஒரு விநாடிக்கும் கொஞ்சம் மேலாக நின்று, மெதுவாக அடங்கியது. காரணம் சுவரோரம் அடுக்கியிருந்த பழைய மூங்கில் சந்திரிகைகள். புழு கூடு கட்டுவதற்காகச் சுருள் சுருளாக முடைந்த தட்டுகள் அவை. வழவழப்பான சுவரில் பட்டால் ஒலி அப்படியே திரும்பும். இந்தச் சுருள்களில் பட்டால் நாலாபக்கமும் சிதறும். ஒலிப்பதிவுக் கூடங்களில் செலவு செய்து மரத்தில் செய்து மாட்டுவதை, சித்தப்பா மூங்கிலில் வைத்திருந்தார்.

உங்களுக்கு மனை இல்லாவிட்டால் இதே கணக்கில் வேறு தேடுங்கள். கூரை உயரமாக, சுவர் சமமாக இல்லாமல், பொருள்கள் அடுக்கிய இடம். புத்தக அலமாரிகள் உள்ள பள்ளி நூலகம், மூட்டை அடுக்கிய புளி மண்டி, பழம் இறங்காத மாதங்களில் மாங்காய்க் கிடங்கு. உள்ளே போய் ஒரு முறை கை தட்டுங்கள், ஒரு முறை சி தந்தியை நீளமாக இழுங்கள். கை தட்டல் ஒன்றிலிருந்து ஒன்றரை விநாடிக்குள் அடங்கி, சி தந்தி உறுமாமல் இருந்தால் அந்த இடம் போதும்.

மனையில் இன்னொரு நன்மையும் இருந்தது. சுவரில் ஈரப்பதம் காட்டும் இரட்டைத் தெர்மாமீட்டர். புழுவுக்கு 70-க்கு மேல் ஈரப்பதம் வேண்டும், செல்லோவுக்கு 40-லிருந்து 60 விழுக்காடு இருந்தால் நல்லது. தர்மபுரி வெயிலில் மரம் வறண்டு, தந்தியை முறுக்கும் பிரடைகள் வழுக்கும், மேல்பலகை விரியல் விடும். ஜன்னல் வலையில் ஈரச் சாக்கு தொங்கவிடுவது புழு வளர்ப்பவர்கள் வழக்கம். நானும் தூரத்து ஜன்னல்களில் இரண்டு சாக்கு தொங்கவிட்டேன். பிரடை நின்றது. ஒன்று கவனியுங்கள்: பருவம் முடிந்ததும் மனையைப் பிளீச்சிங் தூள், ஃபார்மலின் போட்டுக் கழுவுவார்கள். அந்த நெடி போகும்வரை, குறைந்தது ஒரு வாரமாவது, ஜன்னல்களைத் திறந்துவைத்த பிறகு உள்ளே போங்கள்.

சத்தம். 44-ம் எண் நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிகளின் ஏர் ஹாரன், தர்மபுரியில் ரயில், ஊருக்குள் கோயில் ஒலிபெருக்கி. காட்டுக்குள் இருந்தால் எல்லாம் போய்விடும் என்று நினைத்தேன். அங்கே மயில். விடியற்காலை ஆறு மணிக்கு ஹைடனின் மெதுவான பகுதியில் மயில் மூன்று முறை அகவியது. பக்கத்துத் தோட்டத்துக் காரரின் மோட்டார் மும்முனை மின்சாரம் வரும்போது தானாக ஓடும். அதனால் ஒரு நாள் முன்கூட்டியே போய், நாள் முழுவதும் எந்த நேரத்தில் என்ன சத்தம் என்று எழுதிவைத்துக்கொண்டேன். மதியம் பன்னிரண்டரையிலிருந்து இரண்டு வரைதான் அமைதி. மயிலும் நிழலுக்குப் போய்விடும், தோட்டத்தில் வேலை செய்பவர்களும் சாப்பிடப் போய்விடுவார்கள். வெக்கை இருக்கும். விசிறி போட முடியாது. அதனால் மாசி மாதமாகப் பார்த்து வைத்துக்கொண்டது நல்லதாயிற்று. மழைக்காலத்தில் ஷீட் கூரைக்குக் கீழே பதிவு செய்ய நினைக்கவே வேண்டாம்.

மேடையும் நாற்காலியும்

பெரிய அரங்குகளில் செல்லோ தனிக்கலைஞரை ஒரு மரப் பெட்டி மேடையில் உட்காரவைப்பார்கள். கண்ணுக்குத் தெரிவதற்காக மட்டும் இல்லை. செல்லோவின் அடியில் தரையில் ஊன்றும் கம்பியான எண்ட்பின் வழியாக அதிர்வு கீழே இறங்கி, உள்ளே காலியான மரப் பெட்டியும் சேர்ந்து ஒலிக்கும். கீழ் ஸ்தாயிக்குப் பலம் கிடைக்கும். சந்தையில் மாம்பழப் பெட்டி அடிக்கும் தச்சர் ஒருவரிடம் சொல்லி, நாலடிக்கு ஐந்தடி, அரையடி உயரத்தில் ஒரு மேடை செய்து வாங்கினேன். நான் இந்தப் பதிவுக்காகச் செய்த செலவுகளில் மிகவும் பயன்பட்டது இதுதான். சி தந்தி திடீரென்று பேச ஆரம்பித்தது. மேடை ஆடினால் கிரீச்சிடும். நாலு மூலையிலும் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டுங்கள்.

மேடை இல்லாமல் கல் தரையில் உட்கார்ந்தால் எண்ட்பின் நழுவும். நாற்காலிக் காலில் பெல்ட் கட்டி, அதன் வளையத்தில் எண்ட்பின் முனையை வைக்கலாம்.

நாற்காலி கை இல்லாததாக, பின்னால் சாயாததாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலியே கிடைத்தால் பின்னங்கால்களுக்கு அடியில் கட்டை வையுங்கள்; தொடை முன்பக்கம் சற்றே இறங்கியிருந்தால்தான் முதுகு நிமிரும். வளையலைக் கழற்றிவிடுங்கள், ஏ தந்தி வாசிக்கையில் கேட்கும். ஜரிகையும் சங்கிலியும் செல்லோவின் முதுகைக் கீறிவிடும். நான் கருநீலப் பருத்திச் சுடிதாரில் உட்கார்ந்தேன், துப்பட்டா இல்லாமல்.

துணைக்கு ஒருவர்

ஆர்கெஸ்ட்ரா பகுதியைப் பியானோவுக்குச் சுருக்கி எழுதிய பிரதி ஏறக்குறைய எல்லாக் கன்செர்டோவுக்கும் கிடைக்கும். அதை வாசிக்க ஒருவர் வேண்டும். பதிவு செய்யப்பட்ட துணையைப் போட்டுக்கொண்டு அதன்மேல் வாசிக்கலாம் என்று சில இடங்களில் அனுமதிப்பார்கள். வேறு வழியே இல்லாவிட்டால் மட்டும் அதைச் செய்யுங்கள். பதிவான துணை உங்களுக்காகக் காத்திருக்காது, நீங்கள்தான் அதைத் துரத்துவீர்கள். நீங்கள் முன்னால் நின்று நடத்துகிறீர்கள் என்பதைக் காட்ட வேண்டிய இடத்தில், பின்னால் ஓடுவதாகத்தான் தெரியும்.

எனக்குத் துணை வாசித்தவர் ஒரு தேவாலயத்தில் கீபோர்டு வாசிக்கும் அண்ணன். மேற்கத்திய குறியீடு நன்றாகப் படிப்பார், கன்செர்டோ வாசித்ததில்லை. பிரதியை இரண்டு மாதம் முன்பே கொடுத்துவிட்டேன். பியானோ சுருக்கத்தில் சில இடங்களில் பத்து விரலுக்கு மேல் எழுதியிருக்கும். எதை விடலாம் என்று முழு ஸ்கோரை, அதாவது எல்லா வாத்தியங்களின் வரிகளும் உள்ள பிரதியை, பார்த்து இருவரும் சேர்ந்து முடிவு செய்தோம். பேஸ் வரியையும் எனக்குப் பதில் சொல்லும் ஓபோ வரியையும் விடக்கூடாது, நடுவில் நிரப்பும் ஸ்வரங்களை விடலாம். ஐந்து முறை சேர்ந்து வாசித்த பிறகுதான் மனைக்குப் போனோம். அண்ணனின் 88 கட்டை டிஜிட்டல் பியானோவை மினி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம்.

டிஜிட்டல் பியானோவில் சுருதியை 440-லிருந்து 442 ஹெர்ட்ஸுக்கு மாற்ற முடியும். அந்த ஆர்கெஸ்ட்ரா எதில் வாசிக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பியானோவின் சொந்த ஸ்பீக்கர் மெலிதாக இருந்தால் நல்ல ஸ்பீக்கர் ஒன்றை உங்களுக்குப் பின்னால், இரண்டு மூன்றடி தள்ளி வையுங்கள். ஒயரை நேராக ரிக்கார்டரில் சொருகிவிடாதீர்கள். செல்லோ ஓர் அறையிலும் பியானோ வேறெங்கோ இருப்பது போலக் கேட்கும்.

மைக்கும் கேமராவும்

கைபேசி கேமரா போதும். கைபேசி மைக் போதாது. நீங்கள் மெல்ல வாசித்தால் அது தானாகவே ஒலியைக் கூட்டும், உரக்க வாசித்தால் குறைக்கும். ஆறு வாரம் உழைத்துக் கொண்டுவந்த ஏற்ற இறக்கம் எல்லாம் ஒரே மட்டமாகிவிடும். செல்லோவின் சி தந்தி 65 ஹெர்ட்ஸ்; பல கைபேசிகள் அந்தக் கீழ் ஒலியை மெலிதாக்கிவிடும். ஒரு கையடக்க ஸ்டீரியோ ரிக்கார்டரை வாடகைக்கோ இரவலாகவோ வாங்குங்கள். குறும்படம் எடுக்கிற பையன்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், அவர்களிடம் இருக்கும். தானியங்கி ஒலி அளவை அணைத்துவிட்டு, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு என்று வையுங்கள். உங்கள் மிக உரத்த கார்டை வாசித்துப் பார்த்து, முள் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி அளவைக் குறையுங்கள். ஹைடனில் செல்லோ நுழைவதே நான்கு தந்தியையும் சேர்த்து அடிக்கும் சி மேஜர் கார்டோடுதான்; நான் அதையே பத்து முறை வாசித்துச் சரிபார்த்தேன்.

மைக் எவ்வளவு தூரம் என்பதில்தான் என் முதல் இரண்டு பதிவுகளும் கெட்டன. மூன்றடியில் வைத்தேன். வில்லின் உரசல், என் மூச்சு, விரல் பலகையில் விரல் விழும் சத்தம் எல்லாம் வந்தது. ஒலி மட்டும் விரியவில்லை. செல்லோவின் ஒலி அதன் உடம்பு முழுவதிலிருந்தும் தரையிலிருந்தும் கிளம்பி, சில அடி தள்ளித்தான் ஒன்றாகச் சேரும். ஏழெட்டு அடி தூரத்தில், ஐந்தாறு அடி உயரத்தில், குதிரையை நோக்கிச் சற்றே கீழே சாய்த்து வையுங்கள். அங்கிருந்து ஒரு நிமிடம் வாசித்துப் பதிவு செய்து கேளுங்கள். அரையடி முன்னே, அரையடி பின்னே நகர்த்துங்கள். இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் வீண் இல்லை. பதிவு முடிந்த பிறகு எதிரொலி சேர்ப்பது, ஒலியின் ஏற்ற இறக்கத்தை அழுத்திச் சமமாக்குவது எல்லாம் பெரும்பாலும் விதிக்குப் புறம்பு. அனுமதி இருந்தாலும் செய்யாதீர்கள்.

கேமரா நேர் எதிரே, உட்கார்ந்திருக்கும் உங்கள் மார்பளவு உயரத்தில். எண்ட்பின் முனையிலிருந்து தலை வரை, இரண்டு கைகளும் வில்லின் இரு முனைகளும் தெரிய வேண்டும். ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கக் கூடாது. தனி ஒலியை வீடியோவோடு பிறகு பொருத்துவதற்காகத் தொடக்கத்தில் ஒரு கை தட்டல் பதிவு செய்துகொள்ளுங்கள். தனி மைக் ஒலியைப் பொருத்தலாமா என்று விதியில் பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

அந்த ஒன்றரை மணி நேரம்

தந்தி புதிதாக மாற்றுவதானால் இரண்டு வாரம் முன்பே மாற்றுங்கள். எஃப், எஃப் ஷார்ப் பக்கம் செல்லோ ஊளையிட்டால், குதிரைக்குக் கீழே தந்தியில் மாட்டும் சிறிய பித்தளைக் குழாயை நகர்த்தி முன்பே சரிசெய்துவிடுங்கள்.

ஒரு நாளைக்கு ஒரு பகுதியை மூன்று முறைக்கு மேல் பதிவு செய்ய வேண்டாம் என்பது என் அனுபவம். முதல் முறையில் கை இறுகியிருக்கும். இரண்டாவது பெரும்பாலும் உயிரோடு இருக்கும். நாலாவதிலிருந்து தவறு வராமல் பார்த்துக்கொள்வதே வேலையாகிவிடும். இடையில் ஒரு ஸ்வரம் தவறினால் நிறுத்தாதீர்கள். மேடையில் நிறுத்துவீர்களா? தவறிய பிறகு அடுத்த அளவில் எப்படி எழுந்து நிற்கிறீர்கள் என்பதையும் அவர்கள் பார்ப்பார்கள். ஒரே ஓட்டமாக வாசித்துப் பழக ஏ.பி.ஆர்.எஸ்.எம். என்கிற பிரிட்டிஷ் இசைத் தேர்வு அமைப்பு நடத்தும் பெர்ஃபார்மன்ஸ் கிரேடு தேர்வு நல்ல ஒத்திகை. 2020-லிருந்து அதை வீடியோ பதிவாக வாங்குகிறார்கள், நான்கு உருப்படிகளையும் நிறுத்தாமல் வாசிக்க வேண்டும்.

நான் மனையில் எட்டு நாற்காலிகளை எதிரே போடச் சொன்னேன். சித்தப்பா, சித்தி, தோட்டத்தில் தழை வெட்டும் அக்காக்கள் இரண்டு பேர், அண்ணனின் நண்பர் ஒருவர், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். அசையக் கூடாது, கை தட்டக் கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். ஆட்களுக்கு முன்னால் வாசிக்கும்போது வில் தானாகவே நீளும். கேமராவுக்கு முன்னால் மட்டும் வாசித்த முதல் இரண்டு பதிவுகளில் அந்த நீளம் இல்லை. மூன்று முறை வாசித்தேன், அனுப்பியது இரண்டாவதை. கடைசிப் பகுதியில் ஓரிடத்தில் மேல் ஸ்தாயி ஸ்வரம் ஒன்று சற்றே தாழ்ந்துதான் இருக்கிறது. அன்று முதல் முறை வாசித்ததில் அது சுத்தமாக விழுந்திருந்தது. சித்தப்பா இரண்டையும் கேட்டுவிட்டு இரண்டாவதைக் காட்டி, "இதுல நான் கூடவே பாடிடுவேன்" என்றார். அதையே அனுப்பினேன்.

அனுப்புவது

பொருத்தி முடித்த வீடியோவை நல்ல ஹெட்ஃபோனில் ஒரு முறை, போன் ஸ்பீக்கரில் ஒரு முறை, கார் ஸ்பீக்கரில் ஒரு முறை கேளுங்கள். முதல் இரண்டு நிமிடத்தைக் கூடுதல் கவனத்தோடு கேளுங்கள், நூறு பேர் அனுப்பும்போது அதற்குள் மனம் முடிவெடுத்துவிடும். பெயர் தெரியக் கூடாது என்று விதி இருந்தால் கோப்பின் பெயரிலும் யூடியூப் தலைப்பிலும் உங்கள் பெயர் இருக்கக் கூடாது. இணைப்பு வைத்திருப்பவர் மட்டும் பார்க்கும்படி அமைத்துவிட்டு, வேறொருவர் போனில் திறக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டுக் கடைசி நேரத்தை நம் நேரத்துக்கு மாற்றிக் குறித்துக்கொள்ளுங்கள். பென்னாகரத்தில் ஒன்றரை ஜி.பி. ஏற எனக்கு ஓர் இரவு பிடித்தது, ஆகவே மூன்று நாள் முன்பே ஏற்றிவிடுங்கள்.

அனுப்பிவிட்டுச் செல்லோவை மூடி வைத்துவிடாதீர்கள். அழைப்பு வந்தால் முதல் ஒத்திகைக்குச் சில வாரங்கள்தான் இருக்கும், ஒத்திகையும் ஒன்றோ இரண்டோதான். முழு ஸ்கோரை எடுத்து, எந்த இடத்தில் எந்த வாத்தியம் உங்களிடமிருந்து பாட்டை வாங்கிக்கொள்கிறது, எங்கே திருப்பிக் கொடுக்கிறது என்று உங்கள் பிரதியில் பென்சிலால் குறித்துக்கொண்டே வாருங்கள். நான் ஓபோவுக்குப் பச்சை, ஹார்னுக்குச் சிவப்பு, முதல் வயலினுக்கு நீலம் என்று வைத்திருந்தேன். ஒத்திகையில் ஓபோக்காரர் நுழையும் முன் நான் அவர் பக்கம் திரும்பியதைப் பார்த்து அவர் சிரித்தார்.